மீதிப் பணம்

(கோவையில் மொழிபெயர்ப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள், ஒளிப்படக் கலைஞர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் சிவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த நண்பர் ஃபோனில் சொன்னது ஒரே வரிதான். "சார், வேலைய வாங்கிக்கிட்டுக் காசு தராதவங்கள என்ன பண்ணலாம்னு சட்டப்படி சொல்லணும்." பத்து இருபது பேர் இருப்பார்கள் என்று வந்தேன். நாற்காலி போதாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள். எத்தனை பேருக்கு பாக்கி நிற்கிறது என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை. முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

வக்கீல் வந்திருக்கிறார், நோட்டீஸ் எப்படி அனுப்புவது, கேஸ் எப்படிப் போடுவது என்று சொல்வார் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய் பாக்கிக்காக சிவில் கோர்ட்டுக்குப் போனால் கோர்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா பஸ் சார்ஜ், வேலையை விட்டுவிட்டு வந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையைத் தாண்டிவிடும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் பணம் தானாக வராது. நிறைவேற்று மனு என்று இன்னொரு மனு போட வேண்டும். அது தனிக் கதை. என் பிழைப்பே அதுதான், நானே இதைச் சொல்கிறேன். ஆகவே இன்று நான் அதிகம் பேசப்போவது கேஸைப் பற்றி அல்ல, வேலை ஆரம்பிக்கும் முன் எழுதும் ஒரு பக்கத்தைப் பற்றி. கோர்ட் வாசலை மிதிக்கத் தேவையில்லாதபடி அந்தப் பக்கத்தை எழுத முடியும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் ஆரம்பிப்பார்கள். "சார், அக்ரிமெண்ட் எதுவும் போடல, எல்லாம் வாட்ஸ்அப்லதான் பேசினோம்." ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி சொல்வார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பேச்சு ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகத்தான் ஏற்கிறது. மின்னஞ்சலில் முடிவான ஒப்பந்தம் செல்லும் என்று 2010இல் டிரைமெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் அதையே சொல்கிறது. ஒப்பந்தமே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் நீங்கள் ஒருவருக்கு முறைப்படி ஒரு வேலை செய்து, அதன் பலனை அவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். ஆகவே காகிதம் இல்லை என்பதற்காக யாரும் பாக்கியைக் கைகழுவ வேண்டாம்.

அப்படியானால் எழுத்தில் ஒப்பந்தம் எதற்கு? இதற்குப் பதில் சொல்ல, எதிர்த்தரப்பு என்ன பேசும் என்று பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் "நான் பணம் தர மாட்டேன்" என்று எந்த எதிர்த்தரப்பும் எழுதி நான் பார்த்ததில்லை. "வேலை சரியில்லை" என்று எழுதுவார்கள். "நாங்கள் கேட்டது வேறு, இவர் கொடுத்தது வேறு." "இன்னும் கரெக்‌ஷன் பாக்கி இருக்கிறது." "டைரக்டர் இன்னும் ஓகே சொல்லவில்லை." பணம் தராதவர் எப்போதும் தரம் என்கிற வாசல் வழியாகத்தான் தப்பிப்பார். அந்த வாசலை அடைக்கத்தான் எழுத்து.

ஆகவே உங்கள் ஒரு பக்க ஒப்பந்தத்தில் முதலில் வர வேண்டியது தொகை அல்ல, வேலையின் எல்லை. எத்தனை பக்கம், எத்தனை சொல், எத்தனை படம், எந்த வடிவத்தில் கொடுப்பது, கரெக்‌ஷன் எத்தனை முறை. மூன்றாவது முறைக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதிவிடுங்கள். அடுத்து ஒரு வரி: வேலை ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால் வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இந்த 15 நாளை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சிறு தொழில்களுக்கான ஒரு மத்தியச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். இன்னொன்று, பாதியில் நிறுத்தினால் என்ன என்பது. "மேனேஜ்மெண்ட் மாறிடுச்சு, ப்ராஜெக்ட் டிராப்" என்று ஒரு நாள் மெசேஜ் வரும். அதுவரை செய்த வேலைக்கு முழுக் கட்டணம், மீதிக்கு இத்தனை சதவீதம் என்று முன்பே எழுதியிருந்தால் அந்த மெசேஜ் அவ்வளவு சுலபமாக வராது.

ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பின் பெயர் என்ன என்று பாருங்கள். இதில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். கடையின் போர்டில் ஒரு பெயர், விசிட்டிங் கார்டில் ஒரு பெயர், பணம் வருவது மூன்றாவது கணக்கிலிருந்து. நாளைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டுமானால் யாருக்கு அனுப்புவது? பிராண்டின் மேல் வழக்குப் போட முடியாது. ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், சட்டப்படியான பெயர் வரும். அந்தப் பெயரை எழுதுங்கள். தனியார் நிறுவனமா, பங்குதாரர் நிறுவனமா, தனி ஆளா என்பது முக்கியம். தனியார் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், கம்பெனியை மூடிவிட்டு அதே ஆள் பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் போர்டு மாட்டலாம். பழைய பாக்கிக்கு அவரைத் தனிப்பட்ட முறையில் பிடிப்பது கஷ்டம்.

நடுவில் ஏஜென்சி இருந்தால் இது இன்னும் சிக்கல். உங்களில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் விளம்பர வாசகம் எழுதுகிறவர்களுக்கும் இது பழகிய பாட்டு: "எங்களுக்கே பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணல மேடம், வந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல." பெரிய ஏஜென்சிகள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த பிறகே உங்களுக்குத் தருவோம் என்று ஒரு வரி, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில். அதைக் கண்டால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்சியின் லாபத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை, அதன் நஷ்டத்தில் மட்டும் எதற்கு? அடிக்க ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "எப்படியிருந்தாலும் பில் தேதியிலிருந்து 45 நாட்களுக்குள்" என்று ஒரு சொற்றொடரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாத ஏஜென்சி உங்களுக்கு வேலை தரவில்லை, உங்களிடம் வட்டியில்லாக் கடன் கேட்கிறது.

அட்வான்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் நாம் வெளிநாட்டுப் புத்தகம் எதையும் படிக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கல்யாண ஃபோட்டோகிராஃபர்களைப் பாருங்கள். தேதி குறிக்கும்போது ஒரு தொகை, கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒரு தொகை, ஆல்பம் கையில் கொடுக்கும்போது மீதி. மீதி வராமல் ஆல்பம் கடையை விட்டு வெளியே போகாது. தம்பதிக்குக் குழந்தை பிறந்த பிறகு வந்து ஆல்பம் வாங்கிப் போனவர்கள் உண்டு. ஆனால் அந்த ஃபோட்டோகிராஃபருக்குப் பணம் நின்றதில்லை. நாதஸ்வரக்காரருக்குத் தாம்பூலத்தில் வைத்து முன்பணம் கொடுத்துத்தான் தேதி வாங்குகிறார்கள். யாரும் அதை அவமரியாதை என்று நினைப்பதில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்படுகிறோம். மின்னஞ்சலில் அனுப்பும் ஃபைலுக்கு எடை இல்லை என்பதால் அதற்கு மதிப்பும் இல்லை என்று நமக்கே ஒரு நினைப்பு.

எவ்வளவு கேட்பது என்பது உங்கள் தொழிலையும் ஆளையும் பொறுத்தது. புதிய வாடிக்கையாளரிடம் பாதி கேளுங்கள். பெரிய வேலையாக இருந்தால் மூன்று நான்கு கட்டமாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்தின் பணம் வராமல் அடுத்த கட்ட வேலை ஆரம்பமாகாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதினால் போதாது, அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். என்னிடம் வந்த ஒரு புத்தக வடிவமைப்பாளர் நன்றாகத்தான் எழுதியிருந்தார், நான்கு கட்டம், தெளிவான தேதிகள். ஆனால் இரண்டாம் கட்டப் பணம் வராமலே மூன்றும் நான்கும் முடித்து, திறந்த ஃபைலையும் அனுப்பிவிட்டார். "புத்தகக் கண்காட்சி வந்துடுச்சு சார், அவங்க கெஞ்சினாங்க." புத்தகம் கண்காட்சியில் விற்றது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். இதன் 17ஆம் பிரிவுப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர்தான். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். நீங்கள் சம்பள ஆள் இல்லை. கட்டுரையோ, மொழிபெயர்ப்போ, மென்பொருளோ, ஒருவர் கேட்டுச் செய்து கொடுத்தீர்கள் என்பதாலேயே அதன் உரிமை அவருக்குப் போய்விடாது. 19ஆம் பிரிவு இன்னும் கறார். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது. எழுத்தில் இருந்தாலும் எத்தனை காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணம் தராத வாடிக்கையாளர் உங்கள் எழுத்தைத் தன் இணையதளத்தில் போட்டுவைத்திருக்கிறார். நீங்கள் எங்கும் கையெழுத்திட்டு உரிமையைக் கொடுக்கவில்லை. அப்படியானால் அவர் கடன்காரர் மட்டுமில்லை, உங்கள் சொத்தை உரிமையில்லாமல் பயன்படுத்துகிறவரும் ஆகலாம். "பேச்சிலேயே பயன்படுத்த அனுமதி கொடுத்தார்" என்று அவர் வாதிடுவார். அந்த வாதத்துக்கு இடமே வைக்காமல் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "முழுத் தொகையும் கிடைத்த பிறகே பதிப்புரிமை மாறும், அதுவரை எந்த வகையிலும் பயன்படுத்த உரிமை இல்லை." பத்துப் பன்னிரண்டு சொல்தான். பாக்கி கேட்டு அனுப்பும் கடிதத்தை மேசை இழுப்பில் போட்டுவிடுகிற கம்பெனிகூட, பதிப்புரிமை மீறல் என்று தலைப்பிட்ட கடிதத்தைத் தன் வக்கீலிடம் காட்டும். அச்சுக்குப் போகும் புத்தகம், ஒளிபரப்பாகும் விளம்பரம், முதலீட்டாளருக்குக் காட்டும் செயலி, எல்லாவற்றுக்கும் உரிமை சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். அதை முதல் நாளே மின்னஞ்சலில் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே ஒளிப்படக் கலைஞர்களும் ஓவியர்களும் தனியாகக் கவனிக்க வேண்டும். 17ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விலை பேசி, ஒருவர் கேட்டதன் பேரில் எடுத்த ஒளிப்படம், வரைந்த ஓவியம், உருவப்படம், எடுத்த திரைப்படம் ஆகியவற்றில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒப்பந்தம் இல்லாமல்கூட ஓரளவு தப்பிப்பார், நீங்கள் தப்ப மாட்டீர்கள். லோகோ வரைகிறவர்களுக்கு இந்த விதிவிலக்கு பொருந்துமா என்பதில் வாதம் செய்யலாம். வாதம் செய்யும் நிலைமையே வேண்டாம். எழுதிவிடுங்கள்.

இணையதளம் கட்டும் தம்பிகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். பணம் வரவில்லை என்றால் உள்ளே புகுந்து சைட்டை முடக்கிவிடுவேன் என்று உங்களில் ஒருவர் டீ குடிக்கும்போது பெருமையாகச் சொன்னார். செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் சர்வரில் அவர் அனுமதி இல்லாமல் நுழைந்து எதையாவது அழித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீடு, 66ஆம் பிரிவில் குற்ற வழக்கு. பாக்கி கேட்டுப் போனவர் ஜாமீன் கேட்டு நிற்கக் கூடாது. பணம் வரும்வரை வேலையை உங்கள் சர்வரிலேயே வைத்துக் காட்டுங்கள், பணம் வந்ததும் மாற்றிக் கொடுங்கள். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

இனி, நான் கொஞ்ச நேரம் முன்பு தள்ளி வைத்த அந்த மத்தியச் சட்டம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பெயரைக் கேட்டதும் லேத் பட்டறை, பம்ப்செட் கம்பெனி என்று நினைக்கிறீர்கள், அதுவும் கோவையில். சேவைத் தொழிலும் இதில் வரும். தனி ஆளாக வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவரும் குறுந்தொழில் என்று பதிவு செய்துகொள்ளலாம். உத்யம் பதிவு என்று பெயர், 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்டு வரும் போலி இணையதளங்கள் நிறைய, அவற்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள், அரசு தளத்தில் மட்டும் செய்யுங்கள்.

பதிவு செய்தால் என்ன கிடைக்கும்? 15ஆம் பிரிவுப்படி எழுத்தில் ஒத்துக்கொண்ட தேதிக்குள் வாடிக்கையாளர் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எந்தக் காரணம் கொண்டும் வேலை ஏற்கப்பட்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள், 120 நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சட்டத்தின் முன் நிற்காது. எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். நான் சொன்ன இன்னொரு 15 நாளும் இங்கேதான் இருக்கிறது: ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே சட்டம் கொள்ளும். ஆறு மாதம் கழித்து வந்து "வேலை சரியில்லை" என்பவருக்கு இதுதான் பதில். தாமதித்தால் 16ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். ஒப்பந்தத்தில் வட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும் இது உண்டு.

புகாரை எங்கே கொடுப்பது? தமிழ்நாட்டில் இதற்கென்று சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. இணையம் வழியாகவே மனு போடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 18ஆம் பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது, அதற்காகவே இந்தப் பதிவைச் செய்யலாம். வாடிக்கையாளர் இந்தியாவில் எந்த மூலையில் இருந்தாலும், உங்கள் ஊருக்குரிய மன்றத்திலேயே வழக்கு நடக்கும். மும்பைக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் "மும்பை நீதிமன்றங்கள் மட்டுமே" என்று எழுதியிருக்கும், நாம் பார்த்துப் பயந்து பாக்கியை விட்டுவிடுவோம். தனியாக மத்தியஸ்த ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கி நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்த பிறகு அவர்கள் அதை எதிர்த்துப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அப்பீல் அப்பீலாகப் போய் இழுத்தடிக்கும் பழக்கம் அங்கேயே பாதி நின்றுவிடும்.

பதிவை எப்போது செய்வது? வேலை ஆரம்பிக்கும் முன். பணம் நின்ற பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்குப் பயன்படுமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றத்திலேயே வெவ்வேறு கருத்துகள் வந்திருக்கின்றன. அந்தச் சட்டச் சண்டைக்கு உங்கள் பில்லைப் பலி கொடுக்க வேண்டாம். பதிவு எண்ணை ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள்.

அப்படி அச்சடிப்பதில் இன்னொரு லாபம். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது, 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்த 45 நாள் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் மாதம் ஆடிட்டர் உட்கார்ந்து பாக்கிப் பட்டியலைப் பார்ப்பார். உங்கள் பில்லில் உத்யம் எண் இருந்தால் அந்த வரியில் அவர் விரல் நிற்கும். மார்க்கெட்டிங் மேனேஜரிடம் பத்து முறை கெஞ்சுவதைவிட, பிப்ரவரியில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இதைச் சுட்டிக்காட்டி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு இதேபோல் இன்னொன்று: 180 நாளுக்குள் உங்கள் பில்லுக்குப் பணம் தராத வாடிக்கையாளர், அதில் எடுத்த வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

உங்களைப் போல் தனியாகத் தொழில் செய்கிறவர்களின் பாக்கிக்கென்றே நியூயார்க் நகரத்தில் தனிச் சட்டம் இருக்கிறது, 2017 மே மாதம் அமலுக்கு வந்தது. 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம், தராவிட்டால் இரண்டு மடங்கு. 2024இல் அந்த மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கினார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு கிக் தொழிலாளர் யார் என்று விளக்குகிறது, உங்கள் கட்டணத்தை அது வசூலித்துத் தராது. அதனால்தான் பட்டறைகளை நினைத்து எழுதப்பட்ட ஒரு சட்டத்தை நாம் நமக்காகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

சரி, எல்லாம் எழுதியும் பணம் வரவில்லை. அப்போது?

கோபத்தில் ஃபேஸ்புக்கில் பெயர் போட்டு எழுதாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அவதூறு வழக்குக்குப் பதில் சொல்ல நீங்கள்தான் அலைய வேண்டும். போலீசுக்கும் ஓடாதீர்கள். பணம் தராதது சிவில் விவகாரம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி. முதலில் அமைதியாக ஒரு மின்னஞ்சல்: இந்தத் தேதியில் இந்த வேலை ஒப்படைத்தேன், இந்த பில் இவ்வளவு, இத்தனை நாள் ஆகிறது, எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும். "அடுத்த வாரம் போட்டுடறோம், கொஞ்சம் டைட்டா இருக்கு." இந்தப் பதிலைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், பத்திரப்படுத்துங்கள். கடனை அவர் ஒத்துக்கொண்ட சாட்சி அது. ஒரு மொழிபெயர்ப்பாளர் ஃபோனை மாற்றும்போது பழைய சாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்னிடம் வந்தார். அவரிடம் மிச்சம் இருந்தது ஞாபகசக்தி மட்டும். மெசேஜ்களை பேக்கப் எடுத்து வையுங்கள். மின்னணுச் சாட்சியை கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கையும் திறந்து பாருங்கள். சில கம்பெனிகள் உங்களுக்குப் பணம் தராமலே, உங்கள் பெயரில் டி.டி.எஸ். மட்டும் பிடித்துக் கட்டியிருக்கும். அது மட்டுமே கேஸை வெல்லாது. ஆனால் அப்படி ஒரு பில்லையே பார்த்ததில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது.

அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். அதில் வட்டியும் கேட்கிறேன் என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வட்டி பேசாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி அந்த நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டி கேட்க வழி உண்டு. பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்து அது திரும்பினால் உங்கள் கை ஓங்குகிறது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர்களுக்கு 15 நாள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் புகார். இந்தக் கெடுக்களில் ஒரு நாள் தவறினாலும் சிக்கல்தான். தொகை பெரிதாக இருந்து, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளையில் சுருக்க வழக்குப் போடலாம். எதிர்த்தரப்பு 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். வழக்காட உருப்படியான காரணம் உண்டென்று காட்டிக் கோர்ட்டின் அனுமதி வாங்கினால்தான் வாதமே செய்ய முடியும். இந்த வாசல் எழுத்து ஒப்பந்தக்காரர்களுக்குத்தான் திறக்கும். சின்னத் தொகைக்கு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசி முடியுங்கள். செலவு இல்லை, அங்கே ஆகும் உடன்பாடு கோர்ட் டிகிரிக்குச் சமம். கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், விட்டுக்கொடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பற்றி ஒரு தங்கை சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நேர்மையாகச் சொல்கிறேன், அவர் பணம் தராவிட்டால் இங்கிருந்து சட்டப்படி துரத்துவது கட்டுப்படியாகாது. முன்பணம் வாங்குங்கள், அல்லது பணத்தை முதலில் நடுவில் பிடித்து வைக்கும் தளங்கள் வழியாக வேலை செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இன்று இரவே செய்யுங்கள். உங்கள் பழைய பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேலை முடிந்த தேதியைப் பாருங்கள். பணம் தரும் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு. அதற்குள் கடனை ஒத்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஆரம்பமாகும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீளாது.